சாவி இல்லாமல் கனைத்த கார்

நான்கு வருடங்களுக்கு முன்பு ஒரு தை மாதத்தில், கீழக்கரையைத் தாண்டிக் கடலை ஒட்டி இருக்கும் ஒரு வீட்டில் நடந்தது இது. எனக்கு ராமநாதபுரத்தில் சின்னதாக ஒரு கார் ஒர்க்‌ஷாப் இருக்கிறது. முப்பது வருடமாக இதே தொழில். பேய், ஆவி என்று யாராவது பேச ஆரம்பித்தால் கையைத் துடைத்துக்கொண்டே சிரிக்கிற ஆள் நான். அந்த ஒரு விடியற்காலையில் மட்டும் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அதற்கு முந்தைய ஐப்பசியில் அந்த வீட்டு மகன் என்னைத் தேடி வந்தார். நாற்பது வயது இருக்கும். வளைகுடாவில் வேலை, நீண்ட விடுப்பில் வந்திருந்தார். அவருடைய வாப்பா ஒரு வருடத்துக்கு முன்னால் இறந்துபோயிருந்தார். வாப்பா ஓட்டிய பழைய வெளிநாட்டு டீசல் கார் ஷெட்டில் கிடக்கிறது, கியர்பாக்ஸ் போய்விட்டது, சரிசெய்து தர முடியுமா என்று கேட்டார்.

போய்ப் பார்த்தேன். அசந்துவிட்டேன். என் வயதை ஒட்டிய வண்டி, ஆனால் பெயின்ட் மங்கவில்லை, சீட் கிழியவில்லை. உள்ளே இரண்டே பெடல். ஆட்டோமேட்டிக். அந்தக் காலத்தில் இந்தப் பக்கம் யாரும் பார்த்திராத வகை. வாப்பா வெளிநாட்டுத் துறைமுகத்தில் வேலை பார்த்தபோது இடதுகால் நசுங்கிப்போனதாம். கிளட்ச் மிதிக்க முடியாது என்பதால் இப்படி ஒரு வண்டியைத் தேடிப் பிடித்துக் கப்பலில் கொண்டுவந்திருக்கிறார். கடைசிவரை அவரைத் தவிர வேறு யாரும் அதை ஓட்டியதில்லை.

அந்த கியர்பாக்ஸுக்கு உதிரிபாகம் எங்கேயும் கிடைக்காது. "மேனுவலா மாத்திரலாம்" என்றேன். அதே கம்பெனி என்ஜினுக்குச் சேருகிற சாதாரண கியர்பாக்ஸ் ஒன்று மதுரையில் பழைய சாமான் கடையில் கிடைத்தது. எத்தனையோ ஜீப்புகளுக்கு கியர்பாக்ஸ் மாற்றியவன்தான், ஆனால் ஆட்டோமேட்டிக்கை மேனுவல் ஆக்கியது கிடையாது. அதை நான் அவரிடம் சொல்லவில்லை.

வண்டி நகராது என்பதால் அவர்கள் ஷெட்டிலேயே வேலை. தினமும் காலையில் பைக்கில் போய்விட்டுச் சாயங்காலம் திரும்புவேன். கிளட்ச் பெடலுக்கு இடம் வெட்டி, பிளைவீல் மாற்றி, அடியில் ஓடும் நீள ஷாஃப்டை லேத்தில் கொடுத்துக் குட்டையாக்கி, கியர் ராடுக்குத் தரையில் ஓட்டை போட்டு, மூன்று வாரம் ஓடியது. மகனின் உம்மாதான் பத்து மணிக்கு டீ கொண்டுவந்து வைப்பார். அறுபது வயதுக்குள்தான் இருக்கும். அதிகம் பேசமாட்டார். வாசலிலேயே நின்று நான் செய்வதைப் பார்த்துவிட்டுப் போய்விடுவார்.

மூன்றாவது பெடலைப் பொருத்திய அன்று மட்டும் உள்ளே வந்து குனிந்து பார்த்தார்.

"இதை எந்தக் கால்ல மிதிக்கணும் தம்பி?"

"இடது கால்லம்மா."

குனிந்தபடியே அதைக் கையால் அமுக்கிப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "அப்ப இனிமே அவங்களால ஓட்ட முடியாதே."

இறந்து ஒரு வருடம் ஆன மனிதரைப் பற்றி அவ்வளவு சாதாரணமாக அவர் சொன்னது எனக்குச் சங்கடமாக இருந்தது. வண்டிக்கு அடியில் நுழைந்துகொண்டேன்.

கடைசி நாள் வயரிங் வேலை. சாயங்காலமே ஓட்டிப் பார்த்துவிட வேண்டும் என்று மகன் போனில் வீடியோ எடுக்கத் தயாராக நின்றார். எனக்கும் அவசரம். முடித்துவிட்டேன். இரண்டு பேரும் ஏர்வாடி சாலையில் போய்த் திரும்பினோம். வண்டி வெண்ணெய் மாதிரி போயிற்று. அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். உம்மாவை ஏறச் சொன்னார். அவர் ஏறவில்லை. தலையை மட்டும் அசைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

கிளம்பும்போது நான் ஒன்று சொன்னேன். உப்புக்காற்றில் ஹேண்ட்பிரேக் கேபிள் துருப்பிடித்திருக்கிறது, புதுசு வரும்வரை அதை நம்ப வேண்டாம், நிறுத்தும்போது முதல் கியரில் போட்டு நிறுத்துங்கள் என்று. தொழில் தெரிந்த யாரும் சொல்லக்கூடியதுதான் அது.

மார்கழி பாதியில் மகன் போன் செய்தார். வண்டி நன்றாக ஓடுகிறது என்று சொன்னவர், கொஞ்சம் தயங்கினார்.

"உம்மாதான் ஒரு மாதிரி பேசுறாங்கண்ணே. விடியக்கால சுபுஹு நேரத்துல ஷெட்டுல சத்தம் கேக்குதாம். வாப்பா தொழுகைக்கு எந்திரிச்சா தொண்டையக் கனைப்பாங்க. அதே மாதிரி இருக்குதாம். வண்டி ஒரு சாண் நகந்து வேற நிக்குதுங்குறாங்க."

உம்மாவின் அறை ஜன்னலை ஒட்டித்தான் ஷெட். மகன் விடியற்காலையில் எழுந்து பள்ளிவாசலுக்குப் போய்விடுவார். அவர் காதில் எதுவும் விழவில்லை. வண்டியைத் தினமும் எடுப்பதால் எங்கே நிறுத்தினோம் என்பதும் அவருக்கு நினைவில்லை.

"வண்டியில ஏதும் இருக்குமாண்ணே?" என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்கு நான் சொன்ன பதிலை எத்தனையோ முறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். "சாவி உங்க பையில இருக்கு, வண்டி எப்படிச் சத்தம் போடும்? இத்தனை வருஷம் கூட இருந்த மனுஷன் போயிட்டாரு, அம்மாவுக்கு அந்த நெனப்புத்தான். ஒரு நல்ல டாக்டரா பாத்துக் காட்டுங்க" என்றேன். சிரித்துக்கொண்டேதான் சொன்னேன். அரைமணி நேரத்தில் பைக்கில் போய்ப் பார்த்திருக்கலாம். போகவில்லை.

டாக்டரிடம் காட்டினார்கள். மனம் அமைதியாக இருக்கவும் தூக்கத்துக்கும் மாத்திரை கொடுத்தார்கள். அப்போதும் அவர் சத்தம் கேட்கிறது என்றேதான் சொல்லிக்கொண்டிருந்தாராம். விடுப்பு முடிகிற நேரம் வந்தது. இந்த நிலையில் உம்மாவைத் தனியாக விட முடியாது, வீட்டைப் பூட்டிவிட்டுச் சென்னையில் இருக்கும் மகளிடம் கொண்டுபோய் விடுவது என்று முடிவாகிவிட்டது. மகனும் அங்கிருந்தே விமானம் ஏறுவதாக ஏற்பாடு. அந்த காரிலேயே போகலாம் என்று நினைத்தார். நீண்ட பயணம், கிளம்பும் முன் கிளட்சை ஒரு தரம் பார்த்துக் கொடுங்கள், விடிய வந்துவிடுங்கள் என்று எனக்குச் சொல்லியிருந்தார்.

அன்று பனி அதிகம். சாலையின் இரண்டு பக்கமும் கருவேலம் புதர்கள் பாதிதான் தெரிந்தன. கடலோரத்துக்கு வந்ததும் முகத்தில் உப்பு ஈரம் ஒட்டியது. பள்ளிவாசலில் பாங்கு முடிந்து சற்று நேரம் ஆகியிருந்தது. கிழக்கு வெளுக்கத் தொடங்கியிருந்தாலும் வெளிச்சம் என்று சொல்ல முடியாது. வீட்டு வாசலில் இரண்டு பெட்டிகளைக் கட்டி வைத்திருந்தார்கள். கேட் திறந்திருந்தது. மகன் தொழப் போயிருந்தார்.

ஷெட் கதவும் திறந்திருந்தது. பைக்கை நிறுத்திவிட்டுப் போனவன், வாசலிலேயே நின்றுவிட்டேன்.

காருக்கு நேர் முன்னால், பத்தடி தள்ளி, வெள்ளைத் துப்பட்டி போர்த்திக்கொண்டு அந்த அம்மா நின்றார். முகம் காரைப் பார்த்து இருந்தது. என் காலடிச் சத்தம் கேட்டும் திரும்பவில்லை.

"சத்தம் போடாம நில்லுங்க தம்பி. இப்ப வரும்."

"என்னம்மா வரும்?"

காரின் முன்சக்கரத்துக்கு முன்னால் தரையைக் கையால் காட்டினார். அங்கே வெள்ளைக் கிளிஞ்சல்களை ஒரே வரிசையாக அடுக்கி வைத்திருந்தார். சக்கரத்துக்குப் பின்னால் பார்த்தேன். அங்கேயும் அதேபோல ஒரு வரிசை இருந்திருக்கிறது, நொறுங்கி மாவாகக் கிடந்தது. அதற்குப் பின்னால் ஒரு சாண் தள்ளி இன்னொரு வரிசை, அதுவும் மாவு. முந்தின நாள் மத்தியானம் நிறுத்திய வண்டியை அதன்பிறகு யாரும் எடுக்கவில்லை என்று பிறகுதான் தெரிந்தது. சக்கரத்துக்கு ஐந்தடி முன்னால் கனமான ஒரு பனங்கட்டையைக் குறுக்கே போட்டிருந்தார். அதை எப்படித் தூக்கிவந்தார் என்று தெரியவில்லை.

மாத்திரை சாப்பிடுகிறவர், பாவம், என்றுதான் அப்போதும் நினைத்தேன். கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போகலாம் என்று ஓர் அடி எடுத்து வைத்தேன்.

கார் கனைத்தது.

வேறு வார்த்தை எனக்குத் தெரியவில்லை. "கர்ர்" என்று ஒரு முறை. வயதான மனிதர் தொண்டையைச் சரிசெய்கிற அதே சத்தம். வண்டி முழுவதும் ஒரு தரம் குலுங்கி, முன்னால் ஒரு சாண் வந்து நின்றது. கிளிஞ்சல்கள் நொறுங்கின.

டிரைவர் சீட்டைப் பார்த்தேன். யாரும் இல்லை. கண்ணாடி முழுக்கப் பனி படிந்திருந்தது. கதவுகள் பூட்டியிருந்தன. ஸ்டீயரிங் மட்டும் மங்கலாகத் தெரிந்தது. எந்த வண்டி எந்தச் சத்தம் போட்டாலும் என்ன காரணம் என்று உடனே சொல்லக்கூடியவன் என்று எனக்குப் பெயர். அன்றைக்கு மூளையில் ஒரு காரணமும் வரவில்லை. வந்ததெல்லாம் அந்த அம்மா முன்பு சொன்ன ஒரே வாக்கியம்தான். இனிமே அவங்களால ஓட்ட முடியாதே.

"இன்னொரு தரம் வரும்" என்றார் அவர், குரல் மாறாமல்.

வந்தது. இந்த முறை கனைப்பு நிற்கவில்லை. நீண்டுகொண்டே போய், சட்டென்று என்ஜின் பிடித்துக்கொண்டது. ஆளில்லாத கார் உறுமிக்கொண்டு எங்களை நோக்கி வந்தது. வேகம் ஒன்றும் இல்லை, ஒரு மனிதர் நடக்கிற வேகம். அதுதான் இன்னும் பயங்கரமாக இருந்தது. நான் அந்த அம்மாவின் தோளைப் பிடித்துப் பக்கவாட்டில் இழுத்தேன். அவர் அசையக்கூட இல்லை.

சக்கரம் பனங்கட்டையில் முட்டியது. ஏறப் பார்த்தது. வண்டியின் மூக்கு மேலே எழும்பி நடுங்கியது. இரண்டு முறை திணறி, என்ஜின் அணைந்தது. அதன்பிறகு கடல் சத்தம் மட்டும்.

அவர் முன்னால் போய் பானெட்டின் மீது உள்ளங்கையை வைத்தார். "போதுங்க. நான் பாத்துக்கிறேன். நீங்க போங்க" என்று, வீட்டில் பேசுவதுபோலத்தான் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"பாத்தீங்கள்ல தம்பி? நான் சொன்னா புத்தி கெட்டுப்போச்சுங்குறாங்க. நீங்க சொன்னா நம்புவாங்க."

அவர் புத்தி கெட்டுப்போனதாக முதலில் சொன்னது யார் என்று அவருக்குத் தெரியாது.

மகன் திரும்பி வந்தார். நடந்ததைச் சொன்னேன். பூட்டிய வண்டியையும் தன் ஜிப்பா பையில் இருந்த சாவியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"கிளட்ச் வச்சது வாப்பாவுக்குப் புடிக்கல. நான் செஞ்சிருக்கக் கூடாது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். வண்டியை அன்றைக்கே எங்காவது தள்ளிவிட வேண்டும் என்றார்.

சாவியை வாங்கி முதலில் பேட்டரி வயரைக் கழற்றினேன். இரண்டு முறை ஸ்பேனர் வழுக்கியது. நன்றாக வெளிச்சம் வந்தபிறகு வண்டியைத் தூக்கி நிறுத்தி, டார்ச்சோடு அடியில் படுத்தேன்.

ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. கிடைத்துவிட்டது.

ஆட்டோமேட்டிக் வண்டியில் ஒரு பாதுகாப்பு உண்டு. கியரில் இருக்கும்போது ஸ்டார்ட் ஆகாது. அதற்கென்று ஒரு சுவிட்ச் கியர்பாக்ஸிலேயே இருக்கும். பழைய கியர்பாக்ஸோடு அது போய்விட்டது. அதற்குப் பதிலாகக் கிளட்ச் பெடலில் ஒரு சுவிட்ச் வைத்திருக்க வேண்டும். கடைசி நாள் அவசரத்தில் அதை வைக்காமல், பழைய சுவிட்ச் வழியாக ஸ்டார்ட்டருக்குப் போன இரண்டு வயர்களையும் முறுக்கி டேப் சுற்றிவிட்டேன். ரிவர்ஸ் லைட்டுக்காகப் பேட்டரியிலிருந்து நேராக இழுத்த வயரையும் அதே டேப்புக்குள் சேர்த்துக் கட்டியிருந்தேன். அந்தக் கட்டு கியர்பாக்ஸ் தகட்டின் முனையில் உரசி உரசித் தோல் கிழிந்திருந்தது. உள்ளே செம்பு பச்சையாகப் பூத்துக் கிடந்தது. கடல் பனி, உப்பு. விடியற்காலை ஈரத்தில் பேட்டரி வயருக்கும் ஸ்டார்ட்டர் வயருக்கும் நடுவே கொஞ்சம் மின்சாரம் கசிந்தால் போதும், ஸ்டார்ட்டர் ஒரு தரம் இழுக்கும், அதுதான் அந்தக் கனைப்பு. வண்டி முதல் கியரில் நிற்கிறது, நான் சொன்னபடி. ஹேண்ட்பிரேக் பிடிக்காது. தீப்பொறி தேவைப்படாத பழைய டீசல் என்ஜின் என்பதால், ஸ்டார்ட்டர் நன்றாகச் சுற்றிவிட்டால் சாவி இல்லாமலே பிடித்துக்கொள்ளும். வெயில் ஏறி ஈரம் காய்ந்ததும் ஒன்றுமே நடக்காது. பகலில் யார் பார்த்தாலும் நல்ல வண்டி.

படுத்தபடியே இருந்தேன். வெளியே தாயும் மகனும் தாழ்ந்த குரலில் வாப்பாவைப் பற்றிப் பேசுவது கேட்டது. உண்மையைச் சொல்கிறேன், அப்போது ஒரு நினைப்பு வந்தது. புது டேப் சுற்றிவிட்டு எழுந்தால் போதும். ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டால் போதும். அவர்கள் வாப்பா என்றே நம்புவார்கள், வண்டியை விற்றுவிடுவார்கள். என் பெயர் கெடாது. அந்தப் பச்சைச் செம்பைப் பார்த்தபடி எவ்வளவு நேரம் கிடந்தேன் என்று தெரியவில்லை. சக்கரத்தின் ஓரத்தில் அந்த அம்மாவின் கால்கள் தெரிந்தன. பாதத்தில் பனங்கட்டையின் சிராய் கிழித்து ரத்தம் காய்ந்திருந்தது.

வயரை வெட்டிக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

"இது நான் செஞ்ச தப்பு. வாப்பா இல்ல. அம்மா கேட்ட சத்தம் அம்புட்டும் நெசம். நான்தான் வந்து பாக்காமப் பேசிட்டேன்" என்றேன். எந்த வயர் எதோடு சேர்ந்தது என்று ஒன்றுவிடாமல் காட்டினேன். மகன் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். படவில்லை. வயரை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு உம்மா பக்கம் திரும்பியவர், அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் தலையைக் குனிந்துகொண்டார்.

அந்த அம்மா நிம்மதி அடைவார் என்றுதான் நான் நினைத்திருந்தேன். தன் காது பொய் சொல்லவில்லை என்று தெரிந்துவிட்டதே. ஆனால் அவர் ஷெட் சுவரில் கையை ஊன்றிக்கொண்டார்.

"அப்ப, அவங்க இல்லையா தம்பி?"

"இல்லம்மா."

அவ்வளவு நாள் அவர் பயந்துகொண்டு மட்டும் இருக்கவில்லை என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. ஒவ்வொரு விடியற்காலையும் அந்தச் சத்தத்துக்காகக் காத்திருந்திருக்கிறார். அதைத்தான் நான் வெட்டிக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

பிறகு மகனிடம் கேட்டார்: "மாத்திரைய இனிமே நிறுத்திரலாமாப்பா?"

மகன் உம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். நான் வெளியே போய் பைக் பக்கத்தில் நின்றுகொண்டேன்.

அன்று உம்மா சென்னைக்குப் போகவில்லை. கட்டிய பெட்டியில் அவருடையதை மட்டும் அவிழ்த்து வைத்தார்கள். அக்கம்பக்கத்து உறவுக்காரப் பெண் ஒருவரைத் துணைக்கு வைத்துவிட்டு, மகன் வாடகை காரில் கிளம்பினார். நான் நான்கு நாள் உட்கார்ந்து வயரிங் முழுவதையும் பிரித்து மறுபடி செய்தேன். கிளட்சை முழுசாக மிதித்தால்தான் ஸ்டார்ட் ஆகும்படி சுவிட்ச் வைத்தேன். ஹேண்ட்பிரேக் கேபிளும் புதுசு. வேலை முடியும்வரை பத்து மணி டீ வந்தது. ஒருநாள், முதல் இரண்டு வரிசைக் கிளிஞ்சல் நொறுங்கியும் நீங்கள் ஏன் ஓடவில்லை, வண்டி முன்னால் நிற்கப் பயமாக இல்லையா என்று கேட்டேன். "என் மேல ஏத்தமாட்டாங்கன்னு தெரியும் தம்பி" என்றார். அப்படியானால் பனங்கட்டை எதற்கு என்று நான் கேட்கவில்லை.

அந்த வண்டி இப்போதும் ஓடுகிறது. மகன் விடுப்பில் வரும்போதெல்லாம் என்னிடம்தான் கொண்டுவருகிறார். அது எனக்குப் பெருமையாகவும் இருக்கும், கூச்சமாகவும் இருக்கும். ஒர்க்‌ஷாப்புக்கு வருகிறவர்கள் ஏதாவது புரியாத சத்தம் கேட்கிறது என்று சொன்னால், "அப்படியெல்லாம் வராதே" என்கிற வார்த்தை இப்போதும் என் வாய்வரை வரும். அதை விழுங்கிவிட்டு, எத்தனை மணிக்கு, எந்த இடத்தில், எப்படி என்று கேட்டுக்கொண்டு வண்டிக்கு அடியில் படுத்துவிடுகிறேன். பார்க்காமலே சிரித்துக்கொண்டு நான் சொன்ன ஒரு பதிலுக்காக, சரியாகக் கேட்ட ஓர் அம்மா யாரும் நம்பாததால் மாத்திரை விழுங்கிய நாட்களை என்னால் திருப்பிக் கொடுக்க முடியாது.